புதுப்பிப்புக்குப் பிறகு எழாத கைப்பேசி: பழுதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

கரைமணல் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். அறிவிப்புப் பட்டையில் வந்து நின்ற மென்பொருள் புதுப்பிப்பை மூன்று நாள்கள் தள்ளிப்போட்டுவிட்டு, நான்காம் நாள் இரவு நிறுவ ஒப்புக்கொண்டேன். மின்னேற்றம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. வைஃபை இணைப்பு சீராக இருந்தது. கேட்கப்பட்ட நிபந்தனைகள் அனைத்தையும் கடைப்பிடித்தேன். கைப்பேசி தானாக அணைந்து மீண்டும் எழுந்தபோது நிறுவனத்தின் சின்னம் தோன்றியது, ஒரு சிறு அதிர்வு வந்தது, திரை இருண்டது. மறுபடியும் சின்னம், மறுபடியும் அதிர்வு, மறுபடியும் இருள். கடிகாரத்தை அருகில் வைத்துப் பார்த்தேன்; 38 நொடிகளுக்கு ஒரு முறை இது நிகழ்ந்தது. மின்கலம் தீர்ந்து அடங்கும் வரை, ஏறத்தாழ விடியும் வரை, மேசைமேல் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

மறுநாள் சேவை மையத்துக்குச் சென்றேன். மேசைக்கு அப்பால் இருந்த ஊழியர் கைப்பேசியை ஒருமுறைகூட இயக்கிப் பார்க்கவில்லை. சிம் தட்டை உருவி, உள்ளே ஈரம் பட்டால் சிவக்கும் அந்தச் சிறு ஒட்டியைக் கைவிளக்கால் பார்த்தார். அது வெள்ளையாகவே இருந்தது. பிறகு, "மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்றார். முந்தின இரவு புதுப்பிப்பை நிறுவிய நிமிடம்வரை எந்தக் குறையும் இன்றி இயங்கியது என்று சொன்னதற்கு, "அப்டேட்டால எந்த போனும் கெடாது சார், கெடப்போற நேரத்துல அப்டேட் வந்திருக்கும்" என்றார். வாரண்டி முடிந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்ததால் அந்த மதர்போர்டுப் பலகையின் விலை முழுவதையும் நானே ஏற்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஜாப் ஷீட்டில், அதாவது பழுதுபார்ப்புச் சீட்டில், குறையை விவரிக்கும் இடத்தில் அவர் எழுதியவை இரண்டே சொற்கள்: "ஆன் ஆகவில்லை". புதுப்பிப்பு என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் அரட்டையில் ஐந்து பேரிடம் ஐந்து முறை இதே கதையைச் சொன்னேன். ஐவரும் ஃபாக்டரி ரீசெட் செய்யச் சொன்னார்கள். அதைச் செய்தால் கைப்பேசியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். கடந்த ஆண்டு மறைந்த என் தந்தையார் எனக்கு அனுப்பிய குரல் செய்திகளை ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கிறேன்; அவை வேறெங்கும் இல்லை. அதனால்தான் அந்தப் பொத்தானை அழுத்தாமல் உங்களிடம் வந்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். புதுப்பிப்பை எழுதியவர் தயாரிப்பாளர், அனுப்பியவர் தயாரிப்பாளர், நிறுவுமாறு வற்புறுத்தியவரும் அவரே. அது நிறுவப்பட்ட நிமிடத்தில் கருவி செயலிழந்தால், காரணம் எது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?


பழுதுமேசை

கரைமணல் அவர்களுக்கு, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. 14 ஆண்டுகளாகக் கைப்பேசிப் பலகைகளைப் பழுதுபார்த்து வருகிறேன். நான் சொல்லப்போவது உங்களுக்கு இனிமையாக இராது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

புதுப்பிப்பின்போது கைப்பேசி செய்யும் வேலை சாதாரணமானதன்று. பல நூறு மெகாபைட் முதல் சில ஜிகாபைட் வரையிலான கோப்புகள் சேமிப்புச் சில்லில் எழுதப்படுகின்றன. அதன்பின் நிறுவியிருக்கும் ஆப்கள் அனைத்தையும் புதிய அமைப்புக்கு ஏற்ப மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான நாளில் சில நொடிகள் மட்டுமே உச்சத்தில் இயங்கும் செயலி (ப்ராசசர்), அன்று பல நிமிடங்கள் தொடர்ந்து உச்சத்தில் இயங்கிச் சூடேறுகிறது. செயலிக்கும் நினைவகத்துக்கும் அடியில் அவற்றைப் பலகையோடு இணைக்கும் நூற்றுக்கணக்கான பற்றாசு உருண்டைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்தால், அந்தச் சூட்டில் அது வாய்பிளக்கும். தேய்ந்துபோன சேமிப்புச் சில்லும் அப்படித்தான். நாள்தோறும் தொடாத பகுதிகளைப் புதுப்பிப்பு தொடும்போதுதான் அதன் நோய் வெளிப்படுகிறது. கட்டைவிரலால் செயலியின் மேல் அழுத்தினால் மட்டும் உயிர்பெறும் பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைக் கொண்டுவந்தவர்களில் பலர் புதுப்பிப்பையே குறைகூறினார்கள்.

எல்ஜி ஜி4 கைப்பேசிகள் இப்படியே முடிவின்றி மீண்டும் மீண்டும் எழுந்து விழுந்தபோது, உள்பாகங்களுக்கு இடையே உள்ள தொடர்பு தளர்ந்திருப்பதே காரணம் என்று 2016 ஜனவரியில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே அந்த ஊழியர் சொன்னது முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இயக்கிக்கூடப் பார்க்காமல் "பலகை போய்விட்டது" என்று அவர் சொன்னது எந்த வகையிலும் தொழில் நேர்மை ஆகாது. என் மேசைக்கு வரும் எந்தக் கருவியையும், அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளவுகருவியில் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.


நிலவறை

குரல் செய்திகள் அவ்வளவு முக்கியமானவை என்றால் பேக்கப் எடுத்திருக்க வேண்டும். எந்தப் புதுப்பிப்புக்கும் முன்பாகப் பேக்கப் எடுக்குமாறு எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. இதில் பயனரின் கவனக்குறைவும் இருக்கிறது என்பதை ஏற்கத்தான் வேண்டும்.


ஏழாம்படி

நிலவறை அவர்களின் கருத்தை ஓரளவு ஏற்கிறேன். பேக்கப் எடுத்திருந்தால் கரைமணலின் துயரம் குறைந்திருக்கும். ஆனால் கருவி ஏன் செயலிழந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது. பூட்டாத வீட்டில் திருடு போனாலும் திருடியவன் திருடியவன்தான்.

பழுதுமேசை அவர்கள் சொன்ன விளக்கம் சரியானது, ஆனால் முழுமையானதன்று. நான் கருவிகளுக்கான மென்பொருள் எழுதும் பணியில் இருப்பவன். வன்பொருளில் எந்தக் கோளாறும் இல்லாமல், புதுப்பிப்பு ஒன்றே கைப்பேசிகளை முடக்கிய நிகழ்வுகள் வெளிப்படையாகப் பதிவாகியுள்ளன. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, 6 பிளஸ் ஆகியவற்றில் செல்பேசி இணைப்பையும் கைரேகை உணரியையும் செயலிழக்கச் செய்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது திரும்பப் பெறப்பட்டு, அடுத்த நாளே 8.0.2 வெளியானது. 2021 தொடக்கத்தில் ஷாவ்மியின் எம்ஐ ஏ3 கைப்பேசிகள் ஆண்ட்ராய்டு 11 புதுப்பிப்புக்குப் பின் அடியோடு எழாமல் போயின. நிறுவனம் விநியோகத்தை நிறுத்திவிட்டு, இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகளை வைத்திருந்த கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் முதன்மைப் பயனரின் சேமிப்பே திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டது. 2024 அக்டோபரில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10, நோட் 10 வரிசைக் கைப்பேசிகள் பல, பின்னணியில் தானாகப் புதுப்பிக்கப்பட்ட ஆப் ஒன்றால் முடிவில்லாச் சுழலில் சிக்கின. அது இயங்குதளப் புதுப்பிப்புகூட இல்லை என்பதையும், உரிமையாளர்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒரே வகைக் கருவிகள், வெவ்வேறு வயதுடையவை, வெவ்வேறு கைகளில் இருந்தவை, ஒரே வாரத்தில் ஒரே வகையில் செயலிழந்தால், அத்தனை பற்றாசு உருண்டைகளும் சொல்லிவைத்தாற்போல் அதே வாரத்தில் விரிந்தன என்று வாதிட முடியாது.

இதைத் தடுப்பதற்கான ஏற்பாடு இல்லாமலும் இல்லை. 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், இயங்குதளத்தை இரண்டு பகுதிகளாக வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. நீங்கள் ஒன்றில் இயங்கிக்கொண்டிருக்கும்போது புதுப்பிப்பு மற்றொன்றில் எழுதப்படும். மறுமுறை இயக்கும்போது புதியது சில முறை முயன்றும் எழவில்லை என்றால், கருவி தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். ஆனால் இந்த ஏற்பாட்டில் இரட்டிக்கப்படுவது இயங்குதளம் மட்டுமே. உங்கள் படங்களும் செய்திகளும் இருக்கும் பகுதி ஒன்றே ஒன்றுதான். புதிய அமைப்பு பாதிவரை எழுந்து, "வெற்றி" என்று தன்னைக் குறித்துக்கொண்டு, தரவுகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றத் தொடங்கிய பிறகு தடுமாறினால், திரும்பிச் செல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. சேமிப்பிடத்தை மிச்சப்படுத்துவதற்காக இந்த முறையையே பல ஆண்டுகள் கைக்கொள்ளாத தயாரிப்பாளர்களும் உண்டு.

இதற்கு மேல் இன்னொரு பூட்டு இருக்கிறது. பாதுகாப்புக் குறையுள்ள பழைய பதிப்பைத் திருடர் மீண்டும் நிறுவிவிடக் கூடாது என்பதற்காக, பழைய பதிப்புக்குத் திரும்புவதைக் கருவியே மறுக்கிறது. அதன் நோக்கம் நல்லது, அதை நான் குறைகூறவில்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், நேற்றுவரை நன்றாக இயங்கிய பதிப்பை இன்று உரிமையாளரே கேட்டாலும் வைக்க முடியாது. தரவுகளோ, அந்தக் கருவியின் பாதுகாப்புச் சில்லிலிருந்து வெளியே வராத சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டவை; சேமிப்புச் சில்லைப் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் வைத்தாலும் படிக்க முடியாது. கைப்பேசி தன் இயக்கத்தைக் குறித்துவைக்கும் பதிவேடுகளைப் படிக்கும் கருவிகள் தயாரிப்பாளரிடம், மென்பொருளுக்கு ஒப்பமிடும் சாவி தயாரிப்பாளரிடம், பின்வாங்கும் வழியை அடைத்தவரும் தயாரிப்பாளர். சான்றுகள் அனைத்தும் ஒரு தரப்பின் பெட்டிக்குள் இருக்கும்போது, மெய்ப்பிக்கும் சுமையை வெறுங்கையோடு நிற்கும் மறுதரப்பின் தலையில் ஏற்றுவது நியாயமே அன்று. கரைமணலின் கேள்விக்கு என் விடை இதுதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். கரைமணல், ஒன்று செய்து பாருங்கள். மின் பொத்தானையும் ஒலி பொத்தானையும் சேர்த்து அழுத்தி, இயங்குதளம் எழாதபோதும் திறக்கும் ரெக்கவரி பட்டியலுக்குள் செல்லுங்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல், மின்னேற்றியில் இணைத்து, அப்படியே விட்டுவையுங்கள். அந்தப் பட்டியல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறதா, அங்கேயும் 38 நொடிகளில் விழுகிறதா என்று பாருங்கள்.


பழுதுமேசை

ஏழாம்படி அவர்கள் சொன்ன சோதனை நல்ல சோதனை. ஆனால் அதிலிருந்து ஒரே தாவலில் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ரெக்கவரி பட்டியல் மிக எளிய நிரல். அது செயலியின் எல்லாக் கருக்களையும் (கோர்) உச்சத்துக்குக் கொண்டுபோவதில்லை. நெக்சஸ் 6பி கைப்பேசியில் இதே சுழல் நோய் பரவியபோது, செயலியில் இருந்த நான்கு பெரிய கருக்களை நிறுத்திவிட்டு நான்கு சிறிய கருக்களால் மட்டும் இயங்கும்படி ஆர்வலர்கள் மென்பொருளை மாற்றினார்கள். கைப்பேசிகள் எழுந்துவிட்டன. குறை செயலியின் பக்கம், அதை ஒதுக்கி ஓட்டியது மென்பொருள். இது குறித்துப் பயனர்கள் தொடுத்த வழக்கு 2019இல் 97.5 லட்சம் டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. ரெக்கவரி நிலைத்து நின்றால் மென்பொருள் மீது ஐயம் வலுக்கிறது என்று மட்டும் சொல்லலாம். பலகை நலமாக இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் இதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த வேறுபாட்டைக் கண்டறியச் சேவை மையத்துக்குப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்யாமலே பலகையின் விலையைச் சொன்னார்கள் என்றால், அதைத் தவறு என்றுதான் நானும் சொல்வேன்.


தாழைமடல்

கைப்பேசி முற்றிலும் செயலிழந்தால் குறைந்தபட்சம் யாவரும் அதை நம்புகிறார்கள். செயலிழக்காமல், மெல்லக் குன்றிப்போகும் நேர்வுகளைப் பற்றி ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, காலை முதல் இரவு வரை தாங்கிய என் கைப்பேசியின் மின்கலம் நண்பகலுக்கு முன்பே தீரத் தொடங்கியது. நான்கு நாள்கள் மணிவாரியாகத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினேன். "உங்கள் பயன்பாட்டு முறையைப் பொறுத்தது" என்ற ஒரே வரி நான்கு முறை பதிலாக வந்தது. அந்த நான்கு பதில்களில் எழுத்துப்பிழைகூட ஒன்றாகவே இருந்தது.

இதைவிட வருத்தம் தருவது, சில வேளைகளில் அது பிழையே அன்று, திட்டமிட்ட மாற்றம் என்பது. தேய்ந்த மின்கலங்களைக் கொண்ட ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க, அவற்றின் செயலி வேகம் மென்பொருளால் குறைக்கப்படுகிறது என்பதை ஆப்பிள் 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. அந்த மாற்றமோ அவ்வாண்டின் தொடக்கத்தில் வெளியான ஐஓஎஸ் 10.2.1 பதிப்பிலேயே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர், மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது தெரியாமல் கைப்பேசியையே மாற்றியிருப்பார்கள். பயனர்களுக்குத் தெரிவிக்கவில்லை என்பதற்காக பிரான்ஸ் 2020 பிப்ரவரியில் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ கைப்பேசிகளுக்கு கூகுள் அனுப்பிய புதுப்பிப்பு, பாதிக்கப்பட்ட கருவிகளின் மின்கலக் கொள்ளளவைக் குறைத்தது. அங்கே இலவச மின்கல மாற்றம் அல்லது 50 டாலர் போன்ற ஈடுகள் முன்வைக்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது இத்தாலியின் முடிவு. 2018 அக்டோபரில் அந்நாட்டு வணிகப் போட்டி, நுகர்வோர் ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் மீதான குறை, கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தவர்களை, அந்தக் கருவி தாங்காத புதிய ஆண்ட்ராய்டு பதிப்பை நிறுவத் தூண்டியது என்பது. போதிய தகவல் தரவில்லை என்பதோடு, பழைய செயல்திறனை மீட்டுக்கொள்ள வழி எதுவும் தரவில்லை என்பதையும் ஆணையம் எடுத்துச் சொன்னது. ஏழாம்படி அவர்கள் சொன்ன அடைபட்ட வழி என்பது இதுவேதான்.


ஓலைச்சுவடி

பயனுள்ள இழை. நுகர்வோர் முறையீடுகளை எழுதித் தருவதில் எனக்குச் சில ஆண்டுப் பழக்கம் உண்டு; தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தொடக்கப் பதிவைப் படித்தவுடன் என் கண் நின்ற இடம் அந்த "ஆன் ஆகவில்லை" என்ற இரண்டு சொற்கள்தான். கரைமணல், உங்கள் வழக்கில் நீங்கள் இழந்த முதல் இடம் அதுவே.

நாளை இது யாரிடம் சென்றாலும், அவர் முதலில் கையில் எடுப்பது ஜாப் ஷீட்டைத்தான். அதில் புதுப்பிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லாதபோது, பின்னால் எழுதும் எல்லாக் கடிதங்களும் "பிறகு யோசித்துச் சேர்த்தது" போலத் தோன்றும். ஆகவே மீண்டும் சென்று, இன்ன தேதி இன்ன நேரத்தில் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் புதுப்பிப்பை நிறுவிய உடனே குறை தொடங்கியது என்ற வாசகத்தை அதில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், நீங்களே உங்கள் பிரதியில் எழுதி, கையொப்பமிட்டு, படமெடுத்து, அன்றைய தேதியிலேயே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஈரம் காட்டும் ஒட்டி வெள்ளையாக இருந்தது என்பதையும் அதில் சேருங்கள். பலகையைக் கழற்றிய பிறகு "தண்ணீர் பட்டிருக்கிறது" என்ற சொல் புதிதாக முளைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அரட்டையில் பேசுவதை விட்டுவிடுங்கள். சாளரத்தை மூடிய பின் அங்கே சொன்னவை பெரும்பாலும் உங்கள் கைக்கு எட்டுவதில்லை, அடுத்து வருபவரும் எதையும் படித்துவிட்டு வருவதில்லை. மின்னஞ்சலில் "ஆம்" அல்லது "இல்லை" என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள்: கருவியின் பதிவேடுகளைப் படித்தீர்களா? மென்பொருளைத் தரவு அழியாமல் மீண்டும் நிறுவ முயன்றீர்களா? பலகையில் எந்தப் பாகம் பழுது?

மெய்ப்பிக்கும் பொறுப்பு குறித்து: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் விற்பனை விதிகள், பொருளை வாங்கிய முதல் ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கருதப்படும் என்கின்றன, அப்படி இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்பவர். ஆஸ்திரேலியாவில் நடந்ததும் கவனத்துக்குரியது. வேறு இடத்தில் திரையை மாற்றிய ஐபோன்கள், மென்பொருளைப் புதுப்பித்ததும் "பிழை 53" என்று காட்டி முடங்கின. வெளியாரிடம் பழுதுபார்த்ததால் உதவி கிடையாது என்று குறைந்தது 275 பேரிடம் சொன்னதற்காக, 2018இல் ஆப்பிள் நிறுவனம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் கட்ட நேர்ந்தது. வாரண்டி என்பது நிறுவனம் தரும் உறுதிமொழி. சட்டம் தரும் உரிமை வேறு. முன்னது முடிந்துவிட்டது என்பதால் பின்னதும் முடிந்துவிட்டதாகச் சேவை மையங்கள் பேசுவது வழக்கம். அதை அப்படியே நம்பிவிடாமல், அவரவர் நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.


கரைமணல்

அனைவருக்கும் நன்றி. ஏழாம்படி சொன்னபடி சோதித்தேன். ரெக்கவரி பட்டியல் 2 மணி 10 நிமிடங்கள் ஒரு முறையும் விழாமல் நின்றது. பின்புறம் வெதுவெதுப்புக்கூட இல்லை. பட்டியலில் "ஏடிபி வழியாகப் புதுப்பிப்பை நிறுவுக" என்று ஒரு வரி இருக்கிறது. அது எதற்கானது?


ஏழாம்படி

கணினியில் இணைத்து, நிறுவனம் ஒப்பமிட்ட முழுப் புதுப்பிப்புத் தொகுப்பை நேரடியாக ஊட்டுவதற்கான வழி அது. தரவுப் பகுதியைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் மீண்டும் எழுதும். வழக்கமாக நமக்கு வருவது பழைய பதிப்புக்கும் புதியதற்கும் இடையிலான வேறுபாடுகள் மட்டும் அடங்கிய சிறு தொகுப்பு. இங்கே தேவைப்படுவது முழுத் தொகுப்பு. சில நிறுவனங்கள் அதைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. உங்கள் நிறுவனம் வெளியிட்டிருந்தால் இன்றிரவே முயலலாம். பதிப்பு எண், நீங்கள் கடைசியாக நிறுவியதற்குச் சமமாகவோ மேற்பட்டதாகவோ இருக்க வேண்டும். அதிகாரப்பூர்வத் தளம் அல்லாத எந்த இடத்திலிருந்தும் எடுக்காதீர்கள்.


கரைமணல்

தேடினேன், அவர்கள் வெளியிடவில்லை. சேவை மையத்தில் கேட்டதற்கு, தங்களிடம் உள்ள கருவி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் நிறுவும் என்றார்கள். ஓலைச்சுவடி அவர்கள் சொன்ன வாசகத்தை ஜாப் ஷீட்டில் சேர்க்கச் சொன்னேன், மறுத்தார்கள். அவர் சொன்னபடியே என் பிரதியில் எழுதிப் படமெடுத்து, ரெக்கவரி பட்டியல் நிலைத்து நிற்பதைக் காட்டும் காணொளியையும் இணைத்து, மூன்று கேள்விகளுடன் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.


பழுதுமேசை

அந்தக் காணொளி நல்ல வேலை. ஒன்றை மறக்க வேண்டாம். பலகையை மாற்ற எந்த நிலையிலும் கையொப்பமிட்டு விடாதீர்கள். பலகை மாறினால் சாவியும் போய்விடும், அந்தக் குரல் செய்திகளும் போய்விடும். பழைய பலகையைத் திருப்பித் தருவதும் பெரும்பாலும் இல்லை.


கரைமணல் (19 நாள்களுக்குப் பிறகு)

தாமதத்துக்குப் பொறுத்தருள்க. முதல் மின்னஞ்சலுக்கு, தொடர்பு எண்ணைக் குறிப்பிட்ட தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. ஒன்பதாம் நாள் அதே மூன்று கேள்விகளை, வேறெதுவும் சேர்க்காமல், மீண்டும் அனுப்பினேன். பதினான்காம் நாள் மேல்நிலைப் பிரிவிலிருந்து ஒரு பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். இத்தனை நாள்களில் கருவி எத்தனை நொடிக்கு ஒரு முறை விழுகிறது என்று என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர். 38 என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கருவியை அதே மையத்தில் கொடுக்கும்படியும், தரவை அழிக்க வேண்டாம் என்று தாமே எழுதி அனுப்புவதாகவும் சொன்னார்.

நேற்று மாலை திரும்பப் பெற்றேன். முழுத் தொகுப்பை மீண்டும் நிறுவியிருக்கிறார்கள். பலகை அதே பலகை, கைப்பேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் அதே எண். பூட்டைத் திறந்ததும் முதலில் அந்தக் கோப்புறைக்குத்தான் சென்றேன். கடைசிச் செய்தி 11 நொடிகள் கொண்டது. "சாப்பிட்டியாப்பா, வேலை முடிஞ்சா கூப்பிடு" என்று என் தந்தையார் சொல்கிறார். சேவை மையத்தின் நாற்காலியிலேயே உட்கார்ந்து இரண்டு முறை கேட்டேன்.


பழுதுமேசை

மனம் நிறைந்தது. உங்கள் கருவியைப் பொறுத்தவரை நான் ஐயப்பட்டது தவறு. அதை இங்கேயே எழுதிவைக்கிறேன். ஆனால் அந்த மையத்தில் இதே புதுப்பிப்புக்குப் பின் "மதர்போர்டு" என்று சொல்லப்பட்டுப் பலகைக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால், அவர்களுக்கு இது தெரிய வேண்டும். முடித்துத் தந்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள்?


கரைமணல்

இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாவதில், குறை: ஆன் ஆகவில்லை, தீர்வு: மதர்போர்டு மாற்ற வேண்டும். இரண்டாவதில், தீர்வு: மென்பொருள் மீண்டும் நிறுவப்பட்டது, மாற்றிய பாகங்கள்: இல்லை. இரண்டிலும் ஒரே ஐஎம்இஐ எண். புதுப்பிப்பு என்ற சொல் இரண்டாவதிலும் இல்லை. கேட்டதற்கு, "அதுக்கு இந்த ஃபார்ம்ல கட்டம் கிடையாது சார்" என்றார் அதே ஊழியர். இம்முறை சற்றுத் தாழ்ந்த குரலில்.

முதல் சீட்டில் உள்ள கணிப்பு தவறானது என்று பதிவைத் திருத்தும்படியும், குறை தொடங்கியது எப்போது என்பதை எழுத ஒரு கட்டம் சேர்க்கும்படியும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். குரல் செய்திகள் மொத்தம் 412. இரண்டு தனித்தனி இடங்களில் படியெடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுச் சரிபார்த்துவிட்டேன். இன்று காலை மற்றொரு புதுப்பிப்பு அறிவிப்பு வந்திருக்கிறது, பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. ஏழாம்படி அவர்களே, இதை நிறுவலாமா?


ஏழாம்படி

மாற்றக் குறிப்பில் "இயங்குவதில் ஏற்படும் சிக்கல் சரிசெய்யப்பட்டது" என்ற வகையில் ஏதேனும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்களுக்காகவே எழுதப்பட்டது. எப்படியாயினும் ஒரு வாரம் பொறுங்கள். இவை பெரும்பாலும் படிப்படியாகவே அனுப்பப்படுகின்றன, சிக்கல் இருந்தால் அதற்குள் பிறர் எழுதிவிடுவார்கள். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. நிறுவுவதற்கு முன் அமைப்புகளில் உள்ள தற்போதைய பதிப்பு எண்ணைத் திரைப்பிடிப்பு எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள்.


கரைமணல்

மாற்றக் குறிப்பில் அப்படியொரு வரி இருக்கிறது, மூன்றாவதாக. திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பிக்கொண்டேன். அடுத்த வாரம் நிறுவிவிட்டு இங்கே எழுதுகிறேன். பதிவைத் திருத்தக் கோரிய கடிதத்துக்குத் தொடர்பு எண் மட்டும் வந்திருக்கிறது.